பொமலோ சாறும் கொழுப்பு மாத்திரையும்: காலை–இரவு இடைவெளி போதாது

கேள்வி: ஈப்போவிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 69. அரசாங்க கிளினிக்கில் சில வருடங்களாக கொழுப்புக்கு இரவில் சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், ரத்த அழுத்தத்துக்குக் காலையில் அம்லோடிபின் 10 மில்லிகிராம் தருகிறார்கள். 'லிமாவ் பாலி (பொமலோ) கொழுப்பைக் கரைக்கும்' என்று பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னதிலிருந்து, தம்புன் சாலையோரக் கடைகளில் பொமலோ வாங்கி, மிக்சியில் அடித்து, தினமும் காலையில் ஒரு பெரிய கிளாஸ் குடிக்கிறார். ஒரு மாதம் ஆகிறது. இரண்டு வாரமாக இரண்டு தொடையும் வலி. நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறார். மாத்திரைத் தாளில் 'கிரேப்ஃப்ரூட்' கூடாது என்றிருக்கிறது. அதைப் பார்த்து அம்மா வீட்டில் திராட்சை வாங்குவதையே நிறுத்திவிட்டார். பொமலோவும் அந்த வகையா? சாறு காலையில், மாத்திரை இரவில் என்பதால் ஒன்றும் ஆகாதுதானே? ஆரஞ்சு, மாதுளை, எலுமிச்சை எப்படி? பொமலோ உண்மையிலேயே கொழுப்பைக் குறைக்கும் என்றால் மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பழத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த நாற்காலி. தொடை வலி என்று மட்டும் எழுதியிருந்தால், 'இந்த வாரத்துக்குள் கிளினிக்கில் காட்டுங்கள்' என்று சொல்லியிருப்பேன். கை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் வலியோடு தசை பலவீனமும் சேர்ந்திருக்கிறது. சிம்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரையால் தசை பாதிக்கப்படும்போது தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவதுதான் வழக்கம். உங்கள் அப்பாவுக்கு இருப்பது அதோடு பொருந்துகிறது.

ஆகவே இன்று இரவு சிம்வாஸ்டாட்டின் கொடுக்க வேண்டாம். பொமலோ சாறும் இன்றோடு நிற்கட்டும். அம்லோடிபினை மட்டும் வழக்கம்போலக் கொடுங்கள், அதை நிறுத்தினால் ரத்த அழுத்தம் ஏறும். நாளை காலையிலேயே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள், அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் தேதிவரை காத்திருக்காதீர்கள். ஓரிரு நாள் கொழுப்பு மாத்திரை இல்லாததால் இதயத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆபத்து, சொந்த முடிவில் மாதக்கணக்கில் நிறுத்துவதில்தான் இருக்கிறது.

இன்று அவர் சிறுநீர் கழிக்கும்போது நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கலக்காத தேநீர் நிறத்திலோ கோலா நிறத்திலோ இருந்தாலும், சிறுநீர் வெகுவாகக் குறைந்திருந்தாலும், காய்ச்சல் அல்லது குழப்பம் இருந்தாலும் நாளைவரை காத்திருக்காமல் இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பதன் அடையாளம் அந்த நிறம். ராப்டோமயோலிசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். அரிதானது, ஆனால் வந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

கிளினிக்கில் கேட்க வேண்டிய ரத்தப் பரிசோதனை கிரியாட்டின் கைனேஸ், சுருக்கமாக சிகே. பெரும்பாலான ஆய்வகங்களில் ஆண்களுக்கு இதன் மேல் எல்லை 200 யூனிட்டை ஒட்டி இருக்கும். எல்லையைப் போல் பத்து மடங்குக்கு மேல் போனால் கடுமையான தசைப் பாதிப்பு. அதற்குக் கீழே இருந்தாலும், இவ்வளவு பலவீனம் இருக்கும்போது மருத்துவர் சாதாரணமாக விடமாட்டார். ரத்தம் எடுப்பதற்கு முன் தோட்ட வேலை, நீண்ட நடை வேண்டாம். தசையில் ஊசி போட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், அவையும் சிகே அளவை ஏற்றும். கூடவே சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரலுக்கான ஏஎல்டி, தைராய்டுக்கான டிஎஸ்எச் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைவாகச் சுரப்பது தானாகவே தசை வலி தரும், கொழுப்பையும் ஏற்றும், ஸ்டாட்டினால் தசை கெடும் வாய்ப்பையும் கூட்டும். மூன்றும் ஒரே ஆளுக்கு இருந்து, பழி முழுவதும் மாத்திரை மேல் விழுவது சாதாரணம்.

இனி பழம். ஆம், பொமலோவும் அதே வகைதான். கிரேப்ஃப்ரூட் என்பது பொமலோவும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம், 18ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் தோன்றியது. மருந்தோடு மோதும் ஃபுரானோகூமரின் என்ற வேதிப்பொருள்கள் அதற்குப் பொமலோ பக்கத்திலிருந்து வந்தவை. மருந்துத் தாள்களில் கிரேப்ஃப்ரூட் பெயர் மட்டும் இருப்பதற்குக் காரணம், ஆய்வுகள் பெரும்பாலும் அந்தப் பழம் அதிகம் விற்கும் நாடுகளில் நடந்ததுதான். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் பொமலோ சாப்பிட்ட பின் அவருடைய டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு ஏறியது ஜப்பானில் பதிவாகியிருக்கிறது. அந்த மருந்தைச் சிதைப்பதும், சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பதும் ஒரே நொதி. திராட்சைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அம்மாவிடம் சொல்லுங்கள், நாளைக்கே வாங்கட்டும்.

அந்த நொதியின் பெயர் சிஒய்பி3ஏ4. கல்லீரலில் இருக்கிறது, சிறுகுடலின் உட்சுவர்ச் செல்களிலும் இருக்கிறது. சிம்வாஸ்டாட்டினை விழுங்கினால், குடல் சுவரைத் தாண்டும்போதே இந்த நொதி அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். மீதியில் பெரும்பகுதி கல்லீரலில் போகும். கடைசியில் ரத்த ஓட்டத்துக்கு வந்து சேரும் செயல்படும் மருந்து, விழுங்கியதில் 5 சதவீதத்துக்கும் குறைவு. இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்துத்தான் 40 மில்லிகிராம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். குடல் நொதி இல்லாமல் போனால், வழியில் அழிந்திருக்க வேண்டிய மருந்தில் ஒரு பகுதி தப்பி உள்ளே வருகிறது. 95 அழிந்து 5 வந்துகொண்டிருந்த இடத்தில், 85 மட்டும் அழிந்தால் 15 வரும். அழிவில் சின்ன மாற்றம், ரத்த அளவில் மூன்று மடங்கு. சிம்வாஸ்டாட்டினுக்கு ஏன் இவ்வளவு பெரிய பாதிப்பு என்றால், காரணம் இதுதான்.

இந்த மோதல் தற்செயலாகத்தான் வெளிப்பட்டது. கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆய்வாளர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து மதுவோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தபோது, மதுவின் சுவை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் சாற்றில் கலந்து கொடுத்தார். மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட எங்கோ போனது. குற்றவாளி மது அல்ல, சாறுதான் என்று 1991இல் தெளிவாக வெளியிட்டார்கள்.

காலையில் சாறு, இரவில் மாத்திரை என்பது உங்கள் கடிதத்தின் முக்கியமான கேள்வி. இடைவெளி விட்டால் போதும் என்ற நம்பிக்கை ரொம்பப் பரவலானது, அதனாலேயே விளக்கமாகச் சொல்கிறேன். கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் நான்கு மணி நேரம் பிரித்துக் கொடுத்தால் சரியாகிவிடும், ஏனென்றால் அவை வயிற்றுக்குள் நேரில் சந்தித்தால்தான் ஒட்டிக்கொள்ளும். பொமலோ அப்படி வேலை செய்வதில்லை. ஃபுரானோகூமரின் நொதியோடு நிரந்தரமாகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. அந்த நொதி பிறகு மீளாது. குடல் செல்கள் புதிதாகச் செய்துதான் ஈடுகட்ட வேண்டும். பாதி திரும்பவே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும், முழுசாக வர மூன்று நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். காலை எட்டு மணிக்குக் குடித்த சாறு குடலைவிட்டு எப்போதோ போயிருக்கும், ஆனால் இரவு பத்து மணிக்கு மாத்திரை போகும்போது அதைத் தடுக்க வேண்டிய நொதி அங்கே பாதிகூட இருக்காது. மறுநாள் காலை அடுத்த கிளாஸ்.

பின்லாந்தில் நடந்த ஆய்வுகள் இதை எண்ணிக்கையில் காட்டின. சாதாரண அடர்த்தியுள்ள கிரேப்ஃப்ரூட் சாறு 200 மில்லி, ஒரு நாளைக்கு ஒரே முறை, மூன்று நாள் மட்டும் குடித்தவர்களுக்கு சிம்வாஸ்டாட்டின் உடலில் சேர்ந்த மொத்த அளவு 3.6 மடங்கானது. இன்னொரு ஆய்வில் இரட்டை அடர்த்திச் சாற்றை நாளுக்கு மூன்று வேளை கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். சாற்றோடு சேர்த்து மாத்திரை எடுத்தபோது 13 மடங்குக்கு மேல். கடைசிச் சாறு குடித்து 24 மணி நேரம் கழித்து எடுத்தபோதும் 2.1 மடங்கு, மூன்று நாள் கழித்து 1.4 மடங்கு, ஏழு நாள் கழித்துத்தான் வித்தியாசம் மறைந்தது. உங்கள் அப்பா குடித்தது பொமலோ, கிரேப்ஃப்ரூட் அல்ல. அதனால் இந்த எண்களை அப்படியே அவருக்கு ஒட்டவைக்கக் கூடாது. பழத்துக்குப் பழம், ரகத்துக்கு ரகம் ஃபுரானோகூமரின் மாறும். ஆனால் மிக்சியில் அடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். சுளையை உரித்து, தோலியையும் அந்தத் தடித்த வெள்ளைப் பஞ்சையும் நீக்கிச் சாப்பிடுவது வேறு. அவசரத்தில் வெள்ளைப் பகுதியோடு சேர்த்து அரைப்பது வேறு. ஃபுரானோகூமரின் தோல் பக்கம்தான் அதிகம். தோலைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து விற்பதும் இதே கணக்கில் சேரும்.

இந்தப் பழத்தோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். அம்லோடிபினும் சிஒய்பி3ஏ4 வழியில் கொஞ்சம் குறுக்கிடும் மருந்து. அம்லோடிபின் 10 மில்லிகிராம் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டினின் அளவு சுமார் ஒன்றே முக்கால் மடங்காகிறது. இதை வைத்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2011இல் ஒரு வரம்பு வைத்தது: அம்லோடிபின் எடுப்பவருக்கு சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பிரிட்டனும் பின்னர் அதே வரம்பை ஏற்றது. உங்கள் அப்பா எடுப்பது 40. சாறு இல்லாமலேயே வரம்பைத் தாண்டிய நிலையில் இருந்தவர், அதன்மேல் ஒரு மாதம் பொமலோ குடித்திருக்கிறார். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பலருக்கு ஆவதில்லைதான். உடல் தாங்குவதற்கு மிச்சமிருந்த இடத்தைப் பழம் நிரப்பிவிட்டது.

அதிகமானால் என்ன ஆகும் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. சிம்வாஸ்டாட்டின் 80, 20 மில்லிகிராம் இரண்டையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில், 80 எடுத்த சுமார் 6,000 பேரில் 52 பேருக்குத் தசைப் பாதிப்பு; 20 எடுத்த அதே அளவு கூட்டத்தில் ஒரே ஒருவருக்கு. அதன் பிறகுதான் 80 மில்லிகிராமைப் புதிதாக யாருக்கும் தொடங்கக் கூடாது என்று எஃப்டிஏ சொன்னது. 40 மில்லிகிராம் மாத்திரை மூன்றரை மடங்கானால் எந்த எல்லைக்குப் போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதைப் படித்து ஸ்டாட்டின் என்றாலே பயப்பட வேண்டாம். ஸ்டாட்டின் எடுப்பவர்கள் சொல்லும் தசை வலிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மாத்திரையால் வந்தவை அல்ல என்று 2022இல் வெளியான பெரிய தொகுப்பு ஆய்வு காட்டியது. உங்கள் அப்பா விஷயத்தில் நான் வேறு மாதிரிப் பேசுவது, வயது, அளவு, அம்லோடிபின், சாறு, வலி தொடங்கிய நேரம், பலவீனம் எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுவதால்.

மற்ற ஸ்டாட்டின்கள் எல்லாம் இப்படி இல்லை. லோவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டினின் அண்ணன் தம்பி. அதற்கும் கிரேப்ஃப்ரூட், பொமலோ அறவே கூடாது. சீன மருந்துக் கடைகளில் கொழுப்புக்கென்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையில் இருக்கும் மொனாக்கோலின் கே, வேதியியலில் லோவாஸ்டாட்டினேதான். 'இயற்கை' என்று நம்பி அதையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அட்டோர்வாஸ்டாட்டின் நடுவில் நிற்கிறது: ஒரு நாளைக்கு 240 மில்லி சாற்றுக்கு சுமார் 37 சதவீதம் கூடுகிறது, முக்கால் லிட்டருக்கு மேல் குடித்தால் இரண்டரை மடங்கு வரை போயிருக்கிறது. எப்போதாவது நான்கு சுளை சாப்பிட்டால் பயமில்லை, தினசரிச் சாறு வேண்டாம் என்பது என் நடைமுறை. ரோசுவாஸ்டாட்டின், ப்ராவாஸ்டாட்டின், பிடாவாஸ்டாட்டின், ஃப்ளுவாஸ்டாட்டின் நான்கும் இந்த நொதியை நம்பியிருப்பவை அல்ல. பொமலோவால் கவலைப்படும்படி மாறுவதில்லை.

மற்ற பழங்கள். சாதாரண இனிப்பு ஆரஞ்சு, கமலா, ஆப்பிள், பப்பாளி, கொய்யா, தர்பூசணி எல்லாம் சிம்வாஸ்டாட்டினோடு தாராளமாகச் சாப்பிடலாம். மர்மலேட் செய்யும் கசப்பு ஆரஞ்சு, அதாவது செவில் ஆரஞ்சு, பொமலோ கட்சி. எலுமிச்சை வகைகளிலும் ஃபுரானோகூமரின் உண்டு, ஆனால் ஒரு கிளாஸ் தண்ணீரில் நாம் பிழிவது இரண்டு மூன்று தேக்கரண்டிதான். அதற்கெல்லாம் தடை போட மாட்டேன். தயிர்சாதத்துக்கு ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் அப்படியே. வெறும் வயிற்றில் தினமும் ஒரு டம்ளர் நார்த்தங்காய்ச் சாறு என்று யாராவது வைத்தியம் சொன்னால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதுளை பற்றி இணையத்தில் நிறையப் பயமுறுத்துகிறார்கள். ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் அந்த நொதியைத் தடுத்தது உண்மை. மனிதர்களில் சிம்வாஸ்டாட்டினோடு கொடுத்துப் பார்த்தபோது குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. பழமாகச் சாப்பிடட்டும். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப் பழத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: கிரியாட்டினின் கூடி, சிறுநீரகம் பழுதானவர் என்று தெரிந்தால் அதை வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோயிருக்கிறது. அது ஸ்டாட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்.

சாற்றைவிட எனக்கு அதிகப் பயம் தொண்டை வலிக்கு எழுதும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மேல்தான். அதே நொதியைத் தடுக்கின்றன, பழத்தைவிட பலமாக, கல்லீரலிலும் சேர்த்து. பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் மாத்திரைகளும் அப்படியே. தனியார் கிளினிக்கில் காய்ச்சலுக்குக் காட்டும்போது, 'கொழுப்பு மாத்திரை எடுக்கிறார்' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அரசாங்க கிளினிக்கின் பதிவு அந்த டாக்டரின் கம்ப்யூட்டரில் இருக்காது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலும் ஓடுகிறதா என்று எழுதவில்லை. ஓடினால் அதற்கும் இந்தச் சாறு ஆகாது, அங்கே எதிர்த்திசையில், மருந்து வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையே தடுத்துவிடும்.

கடைசிக் கேள்வி, பொமலோ கொழுப்பைக் கரைக்குமா? பழத்தின் பெக்டின் என்ற நார் எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பின் அளவைக் கொஞ்சம் இறக்கும், நூற்றுக்கு ஐந்து என்ற அளவில். அதற்கும் தினமும் நிறைய நார் போக வேண்டும், வடிகட்டிய சாற்றில் அது இல்லை. சிம்வாஸ்டாட்டின் 40 இறக்குவது சுமார் 40 சதவீதம். ஒன்றுக்கு ஒன்று மாற்று ஆகாது. சாறு மருந்தை ஏற்றுகிறதே, அப்படியானால் சாற்றோடு பாதி மாத்திரை போதுமா என்றும் சிலர் கணக்குப் போடுகிறார்கள். இன்றைய பழத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லாதபோது அது சூதாட்டம்.

நாளை கிளினிக்குக்குப் போகும்போது எல்லா மருந்துப் பைகளையும், சத்து மாத்திரை டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டரிடம் மூன்று விஷயத்தைச் சொன்னால் போதும்: தினமும் பொமலோ சாறு எந்தத் தேதியிலிருந்து, வலி எந்தத் தேதியிலிருந்து, அம்லோடிபின் 10 கூடவே ஓடுகிறது. சிகே இறங்கி, பலவீனம் போன பிறகு வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். சிம்வாஸ்டாட்டின் 40க்கு ஏறக்குறைய இணையானது அட்டோர்வாஸ்டாட்டின் 20, அல்லது ரோசுவாஸ்டாட்டின் 5 முதல் 10. ஆசிய நாட்டவருக்கு ரோசுவாஸ்டாட்டின் ரத்தத்தில் கூடுதலாக நிற்பதால் 5இல் தொடங்குவதுதான் முறை. அந்த மாத்திரை வந்தால், நெஞ்செரிச்சலுக்கு அவர் ஆன்டாசிட் மருந்து குடிப்பவராக இருந்தால், அதை மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்தே கொடுங்கள். சேர்த்துக் குடித்தால் மாத்திரையில் பாதி உள்ளே போகாது. புதிய மாத்திரை தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் கொழுப்பு அளவை மறுபடி பார்ப்பார்கள். ரோசுவாஸ்டாட்டின் என்று முடிவானால் தம்புன் பொமலோ மறுபடி வீட்டுக்கு வரலாம், சுளையாக.